குளக்கட்டில் திரும்பாமல் நின்ற காலை

பெருநாளுக்கு மறுநாள் புத்தளத்துத் தில்லையடியில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். ஆட்கள் எல்லோரும் வான் வண்டி பிடித்துக் குளிக்கப் போயிருப்பார்கள். பக்கத்திலேயே கடலோடு சேர்ந்த களப்பு கிடக்க, எதற்காக அநுராதபுர வீதியில் அவ்வளவு தூரம் ஓடிக் குளத்துக்குப் போகிறீர்கள் என்று வெளியூர்க்காரர் கேட்பதுண்டு. களப்புத் தண்ணீர் உடம்பில் காய்ந்தால் தோலை இழுக்கும். எங்கள் கிணறுகளும் சவர், உப்புக் கரிக்கும். சவர்க்காரம் நுரைக்காது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு உப்பளத்துக்குப் போனவன். வாழ்நாளில் பாதியை முழங்கால் மட்டும் உப்புத் தண்ணீரில் கழித்திருக்கிறேன். தப்போவக் குளத்தில் முங்கி எழும்பும்போது வாய்க்குள் போகிற தண்ணீர் கரிக்கவில்லை என்பதே எனக்குப் பெருநாள்தான்.

குளத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் கொஞ்சம் தள்ளி வேறொரு பக்கம் இறங்குவோம். பெண்கள் இறங்கும் இடத்துக்கு மேலே, குளக்கட்டில், குடும்பத்து ஆண் ஒருவர் நிற்க வேண்டும். தண்ணீருக்கு முதுகு, பாதைக்கு முகம். யாராவது வந்தால் கையைத் தூக்கி நிறுத்த வேண்டும். இளவயதிலிருந்து எங்கள் குடும்பத்தில் அந்த வேலை என்னுடையது. எனக்கு நீந்தத் தெரியாது, அதனால் ஆண்கள் பக்கத்தில் என்னைத் தேட ஆளில்லை. ஆனால் பெண்கள் என்னைக் கேட்டு வாங்கியதற்கு வேறு காரணம் இருந்தது.

"அவன் நிண்டா மரம் நிண்ட மாதிரி," என்பார் எனக்கு மூத்த ராத்தா. "நாங்களே கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான்."

"திரும்பினாலும் நெலத்தத்தான் பாப்பான்," என்பாள் உம்மாவின் தங்கை சாச்சியின் மகள். "நிக்காஹ் அண்டைக்குப் பொண்ணுட மொகத்தப் பாத்தானா? காலத்தான் பாத்தான்!"

கீழே தண்ணீருக்குள் எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குக் காது சுடும். ஆனாலும் திரும்ப மாட்டேன். படிப்பிலோ பேச்சிலோ எனக்குப் பெயர் இல்லை. திரும்பிப் பார்க்காதவன் என்ற ஒரு பெயர் இருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை இப்போதுதான் ஒத்துக்கொள்கிறேன்.

நிக்காஹ் அன்று மனைவியின் காலைப் பார்த்தது உண்மைதான். அவள் மன்னாருக்குத் தெற்கே ஒரு ஊரைச் சேர்ந்தவள். தொண்ணூறில் புலிகள் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேறச் சொன்னபோது பத்து வயதில் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு புத்தளத்துக்கு வந்தாள். அவர்களுடைய வீட்டுக்குப் பின்னால் ஒரு குளம் இருந்ததாம். உடன்பிறந்த காக்காமார் இரண்டு பேருடனும் போட்டி போட்டு அதைக் குறுக்காக நீந்துவாளாம். அதற்குப் பிறகு அகதி முகாமின் ஓலைக் கொட்டிலில், பவுசர் வண்டியில் வரும் தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நின்று வளர்ந்தாள்.

கல்யாணமான பிறகு அவளும் எங்களோடு குளிக்க வந்தாள். மற்றப் பெண்கள் இடுப்பளவில் நின்று கோப்பையால் மொண்டு ஊற்றுவார்கள். அவளும் அப்படியே ஊற்றினாள். கல்யாணம் முடித்த பெண் நடுக்குளத்துக்கு நீந்திப் போனால் அந்தக் கதை வானுக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்துவிடும்.

யுத்தம் முடிந்து அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ, ஒரு பெருநாள் பயணத்தில், திரும்பி வரும் வானில் அவள் என் காதருகே மெல்லச் சொன்னாள்.

"இஞ்ச, எனக்கு அரைத் தண்ணி போதாது."

"என்ன?"

"நீந்தணும். நடுவுக்குப் போகணும். இருவது வருஷமாகுது."

"எல்லாரும் இருக்கக்குள்ள எப்பிடி?"

"எல்லாரும் இல்லாம. நாங்க ரெண்டு பேரும் மட்டும் போவம். ஒரே ஒரு நாள்."

அதற்குப் பதில் சொல்ல எனக்கு மூன்று மாதம் எடுத்தது. விருப்பமில்லாமல் இல்லை. விடியற்காலையில் மனைவியை எங்கே கூட்டிக்கொண்டு போகிறாய் என்று உம்மா கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. கடைசியில், சாவு விழுந்த ஜனாஸா வீட்டுக்கு என்று சொல்லலாம் என்று வாய் வரை வந்து, அல்லாஹ்வுக்குப் பயந்து, "ஒரு இடத்துக்கு" என்று மட்டும் சொன்னேன். உம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

சுபஹு தொழுதுவிட்டு, கூட வேலை செய்பவரின் மோட்டார் சைக்கிளை இரவலாக வாங்கிக்கொண்டு போனோம். குளத்தடியில் யாருமில்லை. தண்ணீருக்கு மேல் லேசாகப் புகை மாதிரி பனி. எட்டத்தில், தண்ணீருக்குள்ளேயே பட்டுப்போன மரமொன்று நின்றது. அதில் நீர்க்காகங்கள். அவள் அபாயாவைக் கழற்றி மடித்துக் கல்லில் வைத்தாள். உள்ளே என் பழைய காற்சட்டையும் நீளக் கைச்சட்டையும் போட்டிருந்தாள்.

"இண்டைக்கு வேற ஆருமில்ல," என்றாள். "நீங்க பாக்கலாம்."

"ஓம்," என்றேன்.

சொல்லிவிட்டு, தொழப் போட்ட வெள்ளைச் சட்டையோடு குளக்கட்டில் ஏறினேன். ஏறியதும் கால்கள் பழகிய பக்கமே திரும்பின. முகம் பாதைக்கு, முதுகு தண்ணீருக்கு. பாதையை ஒரு தரம் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று நினைத்தேன். பிறகு, இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று நினைத்தேன். அவள் என் மனைவி, பார்ப்பதில் குற்றமில்லை, அவளே சொல்லியும் விட்டாள். அப்படியிருந்தும் கழுத்து திரும்பவில்லை. வெட்கமா, பழக்கமா, திரும்பாதவன் என்ற பெருமையா என்று இன்றைக்கும் எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

சத்தம் மட்டும் கேட்டது. முதலில் சளசளவென்று, அவசரமாக. கொஞ்சத்தில் அது ஒழுங்குக்கு வந்தது. ஒரு அடி, ஒரு மூச்சு, மறுபடி ஒரு அடி. தூரம் போகப் போகச் சத்தம் மெலிந்தது. திடீரென்று நின்றுவிட்டது.

அவளுக்கு ஏதாவது ஆனால் இறங்கித் தூக்கத் தெரியாதவன் நான். திரும்பப் போன அந்த நேரம் பார்த்து, கட்டின் வளைவில் சைக்கிளில் ஒரு சிங்களப் பெரியவர் வந்தார், பின்னால் வலை கட்டியிருந்தது. நான் கையை உயரத் தூக்கினேன். அவர் இறங்கி, ஆட்கள் குளிக்கிறார்களா என்று சிங்களத்தில் கேட்டார். மனைவி என்று சொல்ல நாக்கு வரவில்லை. "வீட்டு ஆட்கள்," என்றேன். அவர் தலையாட்டிவிட்டுச் சைக்கிளைத் திருப்பி நிறுத்தி, தானும் தண்ணீருக்கு முதுகு காட்டிக் குந்தி ஒரு பீடியைப் பற்ற வைத்தார். அதற்குள் சத்தம் மறுபடி தொடங்கிவிட்டது. அடி, மூச்சு, அடி. அது கிட்ட வர வர என் பயம் இறங்கியது.

அவள் அபாயாவைப் போட்டுக்கொண்டு மேலே வந்தாள். உதடு நீலம் பாய்ந்து பல் தந்தியடித்தது. ஆனாலும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா?"

"ஓம்," என்றேன்.

திரும்பி வரும்போது என் தோளில் கை வைத்தவள், புத்தளம் பட்டணத்துக்குள் வந்த பிறகும் அதை எடுக்கவில்லை.

எங்களுக்குப் பிள்ளை கிடைக்கவில்லை. வீடு சுவரோடு நின்றது. அதற்கொரு கூரை வேண்டும் என்று அவள் குவைத்துக்குப் போனாள். இரண்டு வருஷம் என்றுதான் போனாள். அவள் வேலை செய்கிற வீட்டில் நீச்சல் தடாகம் இருக்கிறது. வீட்டுப் பிள்ளைகள் இரண்டும் அதில் விளையாட, இவள் துவாயோடு ஓரத்தில் நிற்பாள். தொலைபேசியில் அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் சொல்லுவாள். என்ன நிறம், வெயில் ஏறினால் அடித்தரை எப்படித் தெரிகிறது என்றெல்லாம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து சோற்றில் கை வைத்தபோது அவளுடைய வீடியோ அழைப்பு வந்தது. பக்கத்தில் அந்த வீட்டுக்காரி நின்றாள்.

"இஞ்ச, கேளுங்க," என்று அவசரமாகச் சொன்னாள் மனைவி. "புள்ளைகளோட தண்ணிக்குள்ள எறங்க ஒரு ஆள் வேணுமாம். எனக்கு நீந்தத் தெரியுமெண்டன். அவ நம்புறா இல்ல, சிரிக்கிறா. என்ட மனுசன் ரெண்டு கண்ணாலயும் பாத்தவர், கேட்டுப் பாருங்க எண்டு சொல்லிட்டன்."

வீட்டுக்காரி திரைக்குக் கிட்ட வந்து அரபியில் ஏதோ கேட்டாள். இரண்டு விரலைத் தன் கண்களுக்குக் கீழே வைத்துக் காட்டி, பிறகு என்னைச் சுட்டினாள். கடைசியாகச் சொன்ன சொல் மட்டும் எனக்குத் தெரிந்தது. "வல்லாஹி?"

அல்லாஹ் மீது ஆணையாகப் பார்த்தாயா என்கிறாள். அவளுக்கு நீந்தத் தெரியும், அது எனக்குத் தெரியும். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் நாளைக்கே அவள் தண்ணீருக்குள் இறங்குவாள். ஆனால் கேட்டது கண்ணைப் பற்றி. கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது.

"சொல்லுங்க," என்றாள் மனைவி.

நான் தலை குனிந்தேன். வீட்டுக்காரி சிரித்து, அவள் தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

"என்ன வெக்கம் உங்களுக்கு? ஒரு சொல்லுத்தானே!"

"நான் பாக்கல்ல."

"என்னத்த பாக்கல்ல?"

"அண்டைக்குக் குளத்துல. நான் திரும்பல்ல. பாத்தனெண்டு சொன்னது பொய்."

"பொய் சொல்லாதீங்க. நான் அந்த மரத்தப் பிடிச்சிட்டுக் கையத் தூக்கினன். நீங்களும் தூக்கினீங்க. நான் கண்டன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவனுக்கு முகம் எது, முதுகு எது என்று தெரியாது.

"அது உனக்கில்ல," என்றேன். "சைக்கிள்ல ஒரு ஆள் வந்தான். அவன நிப்பாட்டத் தூக்கினது."

அவள் அழைப்பைத் துண்டித்தாள். அடுத்த வெள்ளியும், அதற்கடுத்த வெள்ளியும் அழைக்கவில்லை. நான் எடுத்தாலும் பதில் இல்லை. மூன்றாவது வெள்ளி அவளாகவே எடுத்தாள். மழை பெய்ததா, பாத்தியில் உப்பு கரைந்துவிட்டதா, உம்மாவுக்குக் கால் வலி எப்படி என்று கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அந்தாள் பாத்தானா?"

"எந்தாள்?"

"அந்த சைக்கிள்காரன்."

"இல்ல. அவனும் மற்றப் பக்கம் திரும்பித்தான் குந்தியிருந்தான்."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். "ரெண்டு ஆம்புளையள் நிண்டு, ஒருத்தனும் பாக்கல்லயா!" என்றாள். சிரிப்பு நீண்டுகொண்டே போய், ஒரு இடத்தில் சிரிப்பாக இல்லாமல் போனது. நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் இன்னும் குவைத்திலிருந்து வரவில்லை; அங்கே துவாயோடு ஓரத்தில்தான் நிற்கிறாள். இரண்டு தரம் ஒப்பந்தம் புதுப்பித்தாயிற்று. வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று. மத்தியானத்தில் அந்தக் கூரைக்குக் கீழே படுத்துக்கொண்டு, அவள் நீந்துவதை மனதில் பார்க்க முயல்கிறேன். அடியும் மூச்சும் காதில் அப்படியே இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு ஆளை உண்டாக்க முடியவில்லை. தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்திருப்பாளா, உள்ளே விடுவாளா? எந்தப் பக்கம் திரும்பி மூச்செடுப்பாள்?

போன வெள்ளி கூச்சத்தை விட்டு அவளிடமே கேட்டேன். "நீந்தக்குள்ள எந்தக் கைய முதல்ல போடுவாய்?"

அவளுக்குப் பின்னால் அந்தப் பிள்ளைகள் தண்ணீரில் குதிக்கிற சத்தம் கேட்டது.

"எனக்கும் தெரியல்ல," என்றாள். "எறங்கிப் பாத்தாத்தான் தெரியும்."