முடிந்தவர்கள் பட்டியல்

சென்னியப்பனுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது என்று கம்ப்யூட்டரில் போட்டு வைத்தவள் நான்தான். போட்டு மூன்று வருடமாகிறது. அவனுக்கு இன்றுவரை கல்யாணம் ஆகவில்லை.

என் பெயர் அறிவுச்செல்வி. எடப்பாடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு நூல் கடைக்கு மேல் மாடியில் திருமணத் தகவல் மையம் நடத்துகிறேன். பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. ஊரில் எனக்கு வாயாடி என்று பெயர். வாயாடாமல் இந்தத் தொழிலில் ஒரு நாள் தாக்குப்பிடிக்க முடியுமா? மாப்பிள்ளைகள் நாலாயிரம் பேர் பதிந்திருக்கிறார்கள், பெண்கள் அறுநூறு தேறாது. ஒரு காலத்தில் எங்கள் பக்கம் பெண் குழந்தை பிறந்தால் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும், ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள். இப்போது வந்து என்னிடம் பெண் கேட்டால் நான் என்ன நெய்தா கொடுப்பேன்?

சென்னியப்பனுக்கு நாற்பத்து நாலு வயது. டிப்ளமோ படித்தவன். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பான், கேமரா மாட்டுவான், கூப்பிட்ட நேரத்துக்கு வருவான், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. ஊருக்கு வெளியே தோட்டத்துக்கு நடுவில் வீடு. இந்தப் பக்கமும் சோளக்காடு, அந்தப் பக்கமும் சோளக்காடு. அப்பா போய் வெகுகாலமாயிற்று. அம்மா பாப்பாயி போய் இரண்டு வருடம். அதிலிருந்து ஒற்றை ஆள். காலையில் வைத்த சோற்றையே ராத்திரியும் தின்பான். பால் பாக்கெட் வாங்கினால் பாதி திரிந்துபோகிறது என்று வரக்காப்பிக்கு மாறிவிட்டான்.

வீட்டைச் சுற்றி நாலு கேமரா மாட்டி வைத்திருக்கிறான். வேலைக்கு நடுவே போனை எடுத்து அதைப் பார்த்துக்கொள்வான். ஒரு நாள் நானும் எட்டிப் பார்த்தேன். வாசல், கிணறு, கொடியில் காயும் ஒரு சட்டை, அவ்வளவுதான்.

"ஏஞ்சாமி, ஊட்டுல ஆருமே இல்லியே, எதைப் போயி பாத்துக்கிட்டிருக்கற?"

"ஆருமில்லீங்கக்கா. இருந்தாலும் நம்மூடுங்களே."

இருபத்தொன்பது வயதில் என்னிடம் பதிந்தான். அப்போது டிகிரி படித்த பெண் வேண்டும் என்றான். அப்புறம் படிப்பை விட்டான், நிறத்தை விட்டான், ஊரை விட்டான். போன வருடம் வந்து தலையைக் குனிந்துகொண்டு, "கூட்டம் மட்டும் வேறயா இருந்தாப் போதுமுங்க. கொழந்தையோட இருந்தாலும் சரிங்க, நான் பாத்துக்கறனுங்க" என்றான். ஒரே கூட்டம் என்றால் எங்களில் அண்ணன் தங்கை முறை, அதை மட்டும்தான் அவன் விடவில்லை. எழுதிக்கொள்வது போல் பேனாவை ஆட்டினேன். எதை எழுத? அவன் பதிவுதான் முடிந்தவர்கள் பட்டியலில் கிடக்கிறதே.

நடந்தது இதுதான். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பெண்ணின் அம்மா திரையில் அவன் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, எம்புள்ளைக்கு மாப்பிள்ளை காட்டச் சொன்னா எந்தம்பி வயசுக்காரனைக் காட்டறீங்க?" என்று கத்தினாள். கத்தியது போதாதென்று ஊரெல்லாம் சொல்லி வைத்தாள். அந்த வாரமே உட்கார்ந்து, நாற்பது தாண்டிய ஆண்கள் ஒருத்தரும் தேடலில் வராதபடி ஒதுக்கினேன். இருநூற்றுப் பதினாலு பேர். 'நிறுத்தம்' என்று போட்டால் அவரவர் போனுக்குத் தானாகத் தகவல் போய்விடும். 'முடிந்தது' என்று போட்டால் போகாது. அதனால் 'முடிந்தது' என்றே போட்டேன். உனக்கு இனி அமையாது என்று முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்குத் துப்பில்லை, வேறென்ன? அவன் நாலு மாதத்துக்கு ஒரு தடவை புதுப் படம் கொண்டுவந்து கொடுப்பான். "ஏத்தீட்டேன் சாமி" என்பேன். மேசை இழுப்பறை நிறைய அவன் படங்கள்தான்.

இந்த வருடம் ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னால் சாஃப்ட்வேரில் புதிது ஏற்றினார்கள். அதிலிருந்து கம்ப்யூட்டர் நகரவே மாட்டேன் என்றது. சென்னியப்பன் வந்து பார்த்தான். "நாலு ஜிபி ரேம் இதுக்குப் பத்தாதுங்கக்கா. கூட ஒரு எட்டு சேத்துப் போட்டறலாம்" என்றான். ரேம் என்றால் விரல் நீளத்தில் பச்சையாக ஒரு பட்டை. கம்ப்யூட்டர் ஒரே நேரத்தில் எவ்வளவு வேலையைத் தலையில் வைத்துக்கொள்ளும் என்பது அதைப் பொறுத்தது. திங்கட்கிழமை பழைய பட்டைக்குப் பக்கத்தில் புதியதை மாட்டிவிட்டுப் போனான். சாயங்காலம் வரை பறந்தது.

மறுநாள் ஒரு பெண்ணின் அப்பா எதிரே உட்கார்ந்திருக்கிறார். ஜாதகத்தைத் திறக்கிறேன், திரை முழுக்க நீலமாகி, அழுமூஞ்சி ஒன்று தெரிந்து, கம்ப்யூட்டர் தானாக அணைந்து மறுபடி எழுந்தது. அவர் சகுனம் சரியில்லை என்று துண்டை உதறிக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. போனைப் போட்டேன்.

"என்னத்தடா மாட்டீட்டுப் போன? எல்லாம் படுத்துக்கிச்சு. இப்ப வாரியா, நான் தூக்கிக்கிட்டு வரட்டா?"

"கோவிச்சுக்காதீங்கக்கா, இதா வாரேன்."

வந்து பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றினான். இரண்டு பட்டைகளையும் உருவி, தங்க நிறத்தில் இருக்கிற பல் வரிசையைப் பள்ளிக்கூடத்து ரப்பரால் துடைத்தான். ஊதினான். 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டினான். அரை மணி நேரம் ஓடி மறுபடி நீலம். பிறகு பழையதை மட்டும் மாட்டிச் சோதனை ஓட விட்டான், ஒரு குறையும் இல்லை. புதியதை மட்டும் மாட்டி ஓட விட்டான், அதிலும் இல்லை. குழியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தான். மத்தியானச் சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டான். தான் செய்த வேலை பழுதாகிவிட்டது என்று முகம் சுண்டிப்போயிருந்தது. எனக்கே பாவமாகிவிட்டது.

"தனித்தனியா ரெண்டும் தங்கமுங்கக்கா. சோடியாப் போட்டாத்தான் ஒத்துவர மாட்டேங்குது."

"பொருத்தம் பாக்காமச் சேத்தீட்டயாக்கு" என்று வாய்க்கொழுப்பில் கேட்டுவிட்டேன்.

அவன் சிரித்தான். "ஆமாங்க. புதுசுக்கு வேகம் சாஸ்தி. பழசு கூட ஓட முடியாமப் படுத்துக்குது. வயசு வித்தியாசமுங்க."

பெட்டி ஆரம்பிக்கும்போதே உள்ளே போய் இரண்டையும் குறைந்த வேகத்தில் ஓடும்படி ஏதோ மாற்றினான். "இப்ப நல்லா வேலை குடுத்துப் பாக்கோணுங்க. எம்பதிவு நம்பரையே போடறனே. ஆயிரத்து நூத்தி எம்பத்தேழு."

எனக்கு உயிரே போய்விட்டது. வேண்டாம் என்று சொல்வதற்குள் நம்பரை அடித்துவிட்டான். திரை ஒரு நொடி வெள்ளையாகி, அப்படியே நீலமானது. எந்தச் சாமி செய்த புண்ணியமோ, அந்த அழுமூஞ்சியைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

"ஒரே கம்பெனி, ஒரே வேகம், சோடியா வாங்கியாந்து போட்டாத்தான் ஆவுமுங்க. வியாழக்கிழமை சேலத்துல எடுத்துக்கிட்டு வாரேன்" என்றான். போகும்போது ஒரு வெள்ளைத் தாளை மேசையில் வைத்தான். "ஒத்தையாப் போட்டா வேகம் பத்தாதுங்க, ரெண்டும் இருக்கட்டும். அதுவரைக்கும் எத்தனை மணிக்குப் படுக்குது, அப்ப என்ன பண்ணீட்டு இருந்தீங்கன்னு இதுல எழுதி வைங்கக்கா."

புதன்கிழமை மையத்துக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் பார்ப்பதற்குள் அவன் பதிவை மாற்றிவிட வேண்டும், அது ஒன்றுதான் நினைப்பு. முடிந்தவர்கள் பட்டியல் பெரிய பட்டியல். ஆயிரக்கணக்கான ஜோடிகளின் படங்களோடு திறக்க வேண்டும். திறந்து, 1187-ஐக் கண்டுபிடித்து, 'பார்க்கிறோம்' என்று மாற்றி, 'சேமி' என்ற இடத்தில் அமுக்குகிறேன், நீலம். மறுபடி எழுப்பினேன், மறுபடி நீலம். ஏழு தடவை. மூன்று வருடத்துக்கு முன் ஒரே அமுக்கில் நடந்த காரியம்! சனியனே, இப்போது மட்டும் உனக்கு என்ன வந்தது என்று பெட்டியை அடித்துக்கூடப் பார்த்தேன். கடைசியில் அழுதுவிட்டேன். எனக்கும் வீட்டில் ஆள் கிடையாது. மகள் ஓசூரில், வீட்டுக்காரர் போட்டோவில். அழுதால் கேட்க ஒருத்தரும் இல்லை என்பதால் நன்றாகவே அழுதேன்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வந்தான். புது ஜோடியை மாட்டினான். பெட்டி சத்தமில்லாமல் எழுந்தது. ஒரு மணி நேரம் சோதனை ஓடியது, ஒரு பிழை இல்லை. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"தாளைக் குடுங்கக்கா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுதச் சொன்னானே என்று நானும் புத்தி கெட்டு உள்ளதை உள்ளபடி எழுதி வைத்திருந்தேன். 'முடிந்தது பட்டியல், சேமி.' 'முடிந்தது பட்டியல், சேமி.' ஏழு வரி, என் கையெழுத்தில்.

"அப்ப இந்த லிஸ்டுதான் பாரம் சாஸ்தி. இதைத் தெறந்து மேலருந்து கீழ வரைக்கும் ஓட்டிப் பாத்தறலாமுங்க."

"அதெல்லாம் வேண்டாம் சாமி, நல்லாத்தான் ஓடுது. வா, கீழ போயி டீ குடிக்கலாம்."

"அரைகொறையா உட்டுப்போட்டு வரக்கூடாதுங்கக்கா. நாளைக்கே படுத்தா எனக்குத்தான் கெட்ட பேரு."

பட்டியல் வழுக்கிக்கொண்டு திறந்தது. ஒவ்வொரு வரியிலும் இடது பக்கம் மாப்பிள்ளை படம், வலது பக்கம் பெண் படம். அவன் மவுஸை உருட்டிக்கொண்டே இருந்தான். நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே தெருவில் தறிச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

"அட! நம்ம தனபாலுக்கு முடிஞ்சிருச்சுங்களா?"

தனபால் அவனுடைய ஒரே கூட்டாளி. போர் போடுகிற ரிக் வண்டியில் டிரைவர், அவனும் நாற்பது தாண்டியவன்.

"ஞாயித்துக்கெழமை எங்கூடத்தானுங்க டீ குடிச்சான். ஒரு வார்த்தை சொல்லலீங்களே. என்னையக் கூப்புடோணும்னு தோணலை பாருங்க." குரல் கம்மிவிட்டது. அப்புறம் அவனே சமாதானமானான். "போவுது, நல்லாருக்கட்டும். பொண்ணு எந்த ஊருங்க?"

அவன் மறுபடி திரையைப் பார்த்தான். வலது பக்கக் கட்டம் காலி. கீழே உருட்டினான். அடுத்த ஆளுக்கும் காலி. அதற்கடுத்தும் காலி. பத்து, இருபது ஆண்கள், ஒருவருக்குப் பக்கத்திலும் பெண் இல்லை. அதற்குக் கீழே நீலச் சட்டையில் அவனே இருந்தான். வருடக்கணக்காக மாறாத பழைய படம்.

அவன் உருட்டுவதை நிறுத்தினான். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவன் தேதியைப் படித்தான்.

"அம்மா இருந்தப்பவே போட்டிருக்கறீங்க."

"ம்."

"அதுக்கப்பறமும் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம பஸ்ஸேறி வந்து, எதாச்சும் வந்துச்சான்னு கேட்டுட்டுப் போனாங்களே, என்னுங்க சொன்னீங்க?"

"பாத்துக்கிட்டிருக்கறம்னு சொன்னேன் சாமி."

நான் மவுஸுக்குக் கை நீட்டினேன். "இப்பவே மாத்தீர்றேன். நேத்து அதுக்குத்தான் ஏழு வாட்டி..."

"அதா தாள்ல இருக்குதுங்களே." அவன் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "மாத்த வேண்டாமுங்க. அதுலயாச்சும் முடிஞ்சிருக்கட்டும்."

தகட்டை எடுத்துப் பெட்டியில் பொருத்தி, திருகு ஒவ்வொன்றாக முடுக்கினான். ஒரு திருகு கைதவறி மேசைக்கு அடியில் விழுந்தது. குனிந்து வெகுநேரம் தேடினான். எழுந்தபோது கண் சிவந்திருந்தது. ஏன் என்று கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

படியில் இரண்டு எட்டு இறங்கியவன் திரும்பி வந்தான்.

"தனபாலு ஞாயித்துக்கெழமை ரிக் வண்டியோட சத்தீஸ்கர் போறானுங்க. திரும்ப ஏழெட்டு மாசமாவும். போறதுக்கு முன்னால இங்க வருவான்."

"வரட்டும். அவங்கிட்டயாச்சும் உண்மையைச் சொல்லீர்றேன் சாமி."

"வேண்டாமுங்கக்கா. பாத்துக்கிட்டிருக்கறம்னே சொல்லுங்க."

சனிக்கிழமை தனபால் வந்தான். பாத்துக்கிட்டிருக்கறம் என்றே சொன்னேன்.