கோதண்டராமன் சாரும் ‘அட்ஜஸ்ட்’ என்ற சொல்லும்

கோதண்டராமன் சாரைப் பற்றி நம் வாசகர் வட்டத்துக்காக எழுதித் தரச் சொன்னார்கள். வரிசை போட்டுக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது. ஆகவே, சொல்லப்போவது இவை:

1. செய்தி வந்த விதம்.
2. நாங்கள் இருவரும் செய்துவந்த வேலை.
3. அவர் எனக்குச் செய்த துரோகம்.
4. அவருக்கு ரகசியம் காக்கத் தெரியாது என்பது.

அஞ்சலியில் கடைசி இரண்டும் வரலாமா என்று எனக்கு நிச்சயமில்லை. அவரை அறிந்தவர்கள் நீங்கள்; பொறுத்துக்கொள்ள வேண்டும்.

காலையில் காபி டிகாக்‌ஷன் இறங்கிக்கொண்டிருந்தபோது அடையாறிலிருந்து என் மகள் சுதா கூப்பிட்டாள். “அப்பா, கோதண்டம் மாமா போயிட்டார்” என்றாள். மயிலாப்பூரில் அவர் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கிற எனக்கு முன்னால் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

நாங்கள் இருவரும் ஒரே கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர்கள். பிறகு மாலைகளில் லஸ் பக்கத்துப் பூங்காவில் உட்கார்ந்து, ‘அட்ஜஸ்ட்’ என்ற ஒரே சொல்லை இந்த ஊர் எப்படியெல்லாம் புழங்குகிறது என்று சேகரித்தோம். விதி அவர் போட்டது: அகராதியைப் பார்க்கக் கூடாது, காதில் விழுந்ததை மட்டும் கொண்டுவர வேண்டும். பேருந்தில் என் பக்கத்தில் இடமே இல்லாத இடத்தில் ஒரு பூக்காரம்மா, “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க நைனா” என்று சொல்லி உட்கார்ந்தது நான் கொண்டுபோனது. தி.நகர் தையல்காரர் துணி போதாமல் போனதற்குச் சொன்னது அவருடையது. ஒருமுறை ஈக்காட்டுத்தாங்கலில் அவருடைய ஸ்கூட்டரைப் பழுது பார்த்தவர், “பிரேக்க அட்ஜஸ்ட் பண்ட்டேன் சார். இனிமே அதுக்கேத்த மாரி நீதான் அட்ஜஸ்ட் ஆவணும்” என்றாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

“இங்கிலீஷ்காரன் திருகாணிக்குச் சொல்றதை நாம மனுஷாளுக்குச் சொல்றோம் சார்” என்பார். “யார் சொல்றாங்கறதை விடுங்கோ. யார்கிட்ட சொல்றாங்கறதைப் பாருங்கோ.”

அப்படியிருந்த நாளில்தான் சுதா போனில், “நான் அட்ஜஸ்ட் பண்ணிண்டு இருக்கேன்பா. எதுவும் கேக்காதே” என்றாள். புகுந்த வீட்டில் அவளை வேலைக்கு அனுப்ப மறுத்துக்கொண்டிருந்தார்கள். அன்று மாலை அதை அவரிடம் சொன்னேன். சேகரிப்புக்காக அல்ல. சொல்ல வேறு ஆளில்லை.

சில மாதம் கழித்து நம் வட்டத்தில் அவர் அந்தச் சொல்லைப் பற்றிப் பேசினார். சுதா மாமியாருடன் வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பேருந்து, தையல்காரர், ஸ்கூட்டர் என்று வரிசையாக வந்தது, எல்லாரும் சிரித்தோம். பிறகு, “என் சிநேகிதர் ஒருத்தரோட பொண்ணு சொன்னது” என்று ஆரம்பித்து, அவள் சொன்ன வாக்கியத்தை ஒரு எழுத்து மாறாமல் சொன்னார். அவருக்குச் சிநேகிதர் என்று இருந்தது நான் ஒருவன்தான் என்பது அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். மாமியார் திரும்பி சுதாவைப் பார்த்தார். சுதா மேடையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

வாசலில் அவரிடம், “ஏன் சார்?” என்று மட்டும் கேட்டேன்.

“பேர் சொல்லலையே சார்” என்றார்.

நான் “பரவாயில்லை” என்று சொன்னேன். எனக்குச் சொல்ல வந்தது அவ்வளவுதான். அதற்குப் பிறகும் பூங்காவுக்குப் போனேன். ஆனால் என் வீட்டிலிருந்து ஒரு சொல்லும் கொண்டுபோகவில்லை. கொண்டுபோக எதுவும் வரவுமில்லை. சுதா போனில் “நன்னா இருக்கேன்பா” என்பதோடு நிறுத்திக்கொண்டாள். பிறகு எப்படியோ வேலைக்கும் போனாள். அதையும் மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இதுவரை நேற்று எழுதிவிட்டு, அவளைப் பற்றியது ஆகையால் அவளுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

“மாமா அடுத்த வாரமே ஆத்துக்கு வந்தார்பா. கைகூப்பிண்டு நின்னார். அப்புறம் வாராவாரம் பேசுவார். வேலைக்குப் போறதுக்குத் தைரியம் சொன்னதே அவர்தான். மாமா போன அன்னிக்கு அவாத்து மாமிதான் எனக்கு முதல்ல போன் பண்ணினா.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.”

“நான்தான் சொல்ல வேண்டாம்னேன். உன்கிட்ட சொன்னதுதானேப்பா மேடைக்கு வந்தது.”

“மேடையில சொன்னவர்கிட்ட மட்டும் சொல்லலாமா?”

“அவர் ஒரு தடவை சொல்லிட்டார். இனிமே சொல்ல மாட்டார்னு தெரிஞ்சுது.”

தினமும் அதே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, “சுதா எப்படி இருக்கா?” என்று என்னையே கேட்டவர் அவர். “நன்னா இருக்காளாம்” என்பேன். “சந்தோஷம் சார்” என்பார். அந்தச் “சந்தோஷம் சார்” ஒன்றுதான் இப்போது என்னிடம் மிஞ்சியிருக்கிறது. அதை மன்னிக்க இன்னும் என்னால் முடியவில்லை.

முதலில் போட்ட வரிசையில் மூன்றாவதான துரோகத்தை நான் மாற்றப்போவதில்லை. ரகசியத்தைப் பற்றிய நான்காவது தவறு.