சந்தனம் மாப்பிள்ளையும் விட்டுப் பிரியாத செவலையும்

சந்தனம் என் தங்கச்சி குருவம்மாளின் புருஷன். திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகும் ரோட்டில் இறங்கி ஒரு மைல் நடந்தால் அவர் ஊர். நாலு ஏக்கர் மானாவாரி, ஒரு கிணறு, நாற்பது ஆடு. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். நான் மல்லாங்கிணறில் புண்ணாக்குக் கடை வைத்திருப்பவன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். உங்கள் ரெண்டு பேருக்கும் எப்படித்தான் ஒத்துப்போகிறதோ என்று என் வீட்டுக்காரி இன்றைக்கும் கேட்பாள். அவர் பேசாததையும் சேர்த்து நான் பேசிவிடுகிறேன், வேறென்ன?

அவரிடம் ஒரு நாய் இருந்தது. நிறத்தைப் பார்த்துச் செவலை என்று கூப்பிட்டார்கள். காட்டில், கிணற்றுக்குக் கூப்பிடு தூரத்தில் கிடக்கும் ஆட்டுக்கிடைக்கு அதுதான் காவல். மாப்பிள்ளை வீட்டுக்குச் சாப்பிட வந்தாலும் அது கிடையை விட்டு நகராது. எண்பத்தெட்டாம் வருஷம் ஆவணியில் அந்த நாய்க்கு என்னவோ ஆகிவிட்டது. கிடையை விட்டுவிட்டு மாப்பிள்ளையின் காலையே சுற்ற ஆரம்பித்தது. அவர் எழுந்தால் எழுந்தது, உட்கார்ந்தால் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்தது. காலையில் கருவேலங்காட்டுப் பக்கம் ஒதுங்கப் போனால் அங்கேயும் வந்து நின்றது. ஒரு நாள் அருப்புக்கோட்டை பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓடி, வாயில் நுரை தள்ளி ரோட்டில் விழுந்து கிடந்ததாம். காவல் இல்லாத கிடையில் நரி புகுந்து ரெண்டு குட்டியைத் தூக்கிக்கொண்டு போனது.

"மாப்ளே, ரெண்டாங் கல்யாணம் பண்ணிக்கிட்ட மாதிரில்ல இருக்கு!" என்று நானும் முதலில் கேலி பேசியவன்தான்.

புரட்டாசியில் ஒரு நாள் போயிருந்தேன். மாப்பிள்ளை கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். வெடித்து ரத்தம் கசிந்த அவர் குதிகாலைச் செவலை நக்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பகீரென்றது. போன மாதம்தான் அந்த ஊருக்குள் ஒரு வெறிநாய் புகுந்து கன்றுக்குட்டியைக் கடித்து, கன்று செத்திருந்தது. வெறி ஏறப்போகிற நாய் முதலில் எசமானை விடாமல் ஒட்டிக்கொள்ளும் என்று எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். எனக்கா அது தெரியாது? மூலையில் கிடந்த கம்பை எடுத்து ஓங்கிவிட்டேன்.

"மச்சான், கைய வைக்காதீக!"

மாப்பிள்ளை கத்தி அன்றைக்குத்தான் கேட்டேன். குருவம்மாளே அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டாள்.

அன்றைக்கே டவுன் ஆஸ்பத்திரிக்கு அவரை இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். "புண்ணுல நக்கியிருக்குங்கிறீங்க. ஊசியை இன்னைக்கே ஆரம்பிச்சிருவோம். நாயைக் கொன்னுராதீங்க. கட்டிப் போட்டு பத்து நாள் பாருங்க. நல்லபடியா இருந்தா ஊசிய நிறுத்திரலாம். செத்துப்போச்சுன்னா உடனே வந்து சொல்லணும்."

தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. தினம் ஒன்று. செவலையை வாசல் வேம்பில் சங்கிலி போட்டுக் கட்டினோம். கடையை வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு நான் அங்கேயே தங்கினேன். நாயைக் காவல் காக்க ஒரு ஆள்! தலையெழுத்து. மாப்பிள்ளை காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பினால் போதும், சங்கிலியை இழுத்துக்கொண்டு அது ஊளையிடும். ஊரே திரும்பிப் பார்க்கும். "பாத்தீகளா, ஏறிக்கிட்டே வருது" என்று ஆளாளுக்குச் சொல்லிவிட்டுப் போவார்கள். குருவம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. "அண்ணே, அவுகளுக்கு ஒண்ணும் ஆயிராதில்ல?" என்று நாளைக்குப் பத்துத் தடவை கேட்டாள். ஆகாது ஆகாது என்று வாய்தான் சொன்னது.

ஆறாம் நாள். மாப்பிள்ளை ஊசிக்குப் போயிருந்தார். ஊளையிட்டு ஓய்ந்து செவலை தூங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்பக்கமாகத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். கை வழுக்கி, பித்தளைக் குடம் துவைகல்லில் விழுந்து அடித்தது பாருங்கள், பக்கத்து வீட்டுக் கோழியெல்லாம் பறந்தது. செவலை ஒரு காதைக்கூட அசைக்கவில்லை.

செத்துத்தான் போய்விட்டது என்று நினைத்தேன். கிட்டே போனேன். என் நிழல் முகத்தில் விழுந்ததும் துள்ளி எழுந்து வாலை ஆட்டியது. சுற்றிப் பின்னால் போய் நின்று, "ஏலே செவலே!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். திரும்பவில்லை. முன்னால் போய்க் கையை ஆட்டினேன். சங்கிலி எட்டிய மட்டும் ஓடி வந்தது.

"இதுக்குக் காது போயிருச்சு தாயீ!" என்றேன்.

குடம் விழுந்த சத்தத்துக்கு வெளியே ஓடி வந்திருந்த குருவம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "அண்ணே, ஆடிக் கடைசியில கெணத்த ஆழப்படுத்துனோம்ல. பாறைக்கு வேட்டு வைக்கயில எல்லாரும் தூர ஓடிட்டோம். இது மட்டும் அவுக கெணத்துக்குள்ள இருக்காகன்னு நெனச்சு மேட்டுலயே படுத்துக் கெடந்துச்சு. மூணு வேட்டு அடுத்தடுத்து. அதுக்கப்புறந்தேன் இப்பிடி."

எங்கள் பக்கத்தில் பாறை உடைக்காமல் கிணறு ஏது? வேட்டு வைப்பவர் மூன்று தடவை குரல் கொடுப்பார், ஆட்கள் ஒதுங்குவார்கள். நாயை யார் நினைத்தார்கள்? கூப்பிடும் குரல் கேட்காமல் போனபின் எசமான் இருக்கிறாரா போய்விட்டாரா என்று தெரிய அதற்குக் கண்ணை விட்டால் காலைத் தொட்டுக்கொண்டு கிடப்பதுதானே வழி? அது பயந்துபோய் ஒட்டியது. நாங்கள் அதைப் பார்த்துப் பயந்தோம்.

இருந்தாலும் பத்து நாள் முடியட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பத்தாம் நாள் செவலை ஒரு சட்டிக் கஞ்சியைக் குடித்துவிட்டு இன்னும் கேட்டது. ஊசி நின்றது. "நல்லவேளை மச்சான், வயித்துல இனிமே குத்த எடமில்ல" என்றார் மாப்பிள்ளை. குருவம்மாள் சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே போய்ச் சங்கிலியை அவிழ்த்தாள். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. அன்றைக்கு நான் தின்ற சோற்றைச் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

அதற்கப்புறம் மாப்பிள்ளை ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். எங்கே கிளம்பினாலும் செவலையின் நெற்றியில் உள்ளங்கையை வைத்துவிட்டுப் போவார். முதலில் கிணற்றடி வரைக்கும், அப்புறம் ரோடு வரைக்கும், போன சுருக்கில் திரும்பி வந்து மறுபடி தொடுவார். கூப்பிட வேண்டுமானால் தரையில் ஓங்கி மிதிப்பார், அது திரும்பிப் பார்க்கும். ஒரு நாயோடு இவ்வளவு பொறுமையா என்று எனக்கு எரிச்சலாகக்கூட வந்தது. அவர் பாட்டுக்குச் செய்தார்.

பொங்கலுக்கு மறுவாரம் போனேன். மாப்பிள்ளை வீட்டில் இல்லை, அருப்புக்கோட்டைக்குப் போயிருந்தார். செவலை போகவில்லை. கிடை வாசலில் தன் பாட்டுக்குப் படுத்திருந்தது. தரையை மிதித்தேன். எழுந்து வந்து என் பாதத்தின் மேல் தலையை வைத்தது.

"தப்புப் பண்ணிட்டேன்டா. உன்னையக் கொல்லப் பாத்தேன். மன்னிச்சுக்கிறு" என்று சத்தமாகவே சொன்னேன்.

பின்னால் கஞ்சிச் சட்டியோடு வந்த குருவம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அதுக்கு எங்கிட்டுண்ணே கேக்கப்போகுது? தொட்டுச் சொல்லு."

குனிந்து நெற்றியில் கையை வைத்தேன். அது கண்ணை மூடிக்கொண்டது.