ஆட்டோவுக்கு லீவு விட்ட மாமா

மண்ணூர்பேட்டையில் எங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் வெடித்தபோது தம்பி பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நல்ல கத்திரி வெயில். தம்பியின் கழுத்தெல்லாம் வேர்க்குரு. காற்று இல்லையென்றால் அவன் அழுவான், அவன் அழுதால் அம்மாவும் சேர்ந்து அழுவாள்.

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த மாமா, அம்மாவின் தம்பி. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்கும் வானகரத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுவார். எங்கேயோ கழற்றிப் போட்ட சோலார் பலகை ஒன்றை வாங்கி வந்து மொட்டை மாடியில் வைத்து, பழைய பேட்டரி ஒன்றையும் சின்ன விசிறியையும் அதோடு இணைத்திருந்தார். அதைக் கேலி செய்யாத ஆள் வீட்டில் கிடையாது. இப்போது எல்லோரும் அதைத்தான் நம்பியிருந்தோம்.

கெடுத்தது அப்பா. பேட்டரியில் தண்ணீர் குறைந்திருந்தது. போர் தண்ணீர் உப்பு, ஆகாது என்பது வரை அவருக்குத் தெரியும்; பேட்டரிக்கென்று கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும் என்பது தெரியாது. அதனால் நாங்கள் சமையலுக்குக்கூட எடுக்காத கேன் தண்ணீரை வழிய வழிய ஊற்றினார். ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருந்த பேட்டரி அத்தோடு மூச்சை விட்டது. குடிக்கிற தண்ணீரைத்தானே ஊற்றினேன் என்று பரிதாபமாகக் கேட்டார்.

பகலில் பலகையே நேராக விசிறியைச் சுற்றிவிட்டது. பொழுது சாய்ந்ததும் நின்றுபோனது. தம்பி வீறிட்டான்.

"அம்மாம் வெயில் கீது. புட்ச்சி வெக்கத்தான் ஒண்ணும் இல்ல" என்றார் மாமா.

மறுநாள் காலையில் தன் ஆட்டோவின் பேட்டரியைக் கழற்றி மாடிக்குத் தூக்கிப் போனார். பகல் முழுக்க அது சார்ஜ் ஏறினால்தான் இரவு விசிறி ஓடும். ஆட்டோ ஓட வேண்டியதும் அதே பகலில்தான். வேண்டாம்டா என்று அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். மாமா காதில் வாங்கவில்லை.

ஆட்டோ ஏன் நிற்கிறது என்று நான் கேட்டேன். "லீவு உட்டுகீறேன் பாப்பா. உன்கூட வெளையாட" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமா பயணியாகப் பின்னால் உட்கார, வாயாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு பூந்தமல்லி வரை ஓட்டினேன். இப்படியே தினமும். ஒரே குறை, சாயங்காலம் வழக்கமாக வாங்கித் தரும் பன் பட்டர் ஜாம் வரவில்லை. கேட்டால் கடை மூடிக் கிடக்கிறது என்பார். அவருமே டீ குடிக்கப் போவதில்லை. அம்மா மட்டும் அவர் தட்டில் கேட்காமலே சோறு வைப்பாள்.

ஒரு மாலை மின்சாரம் வந்தது. தெருவே கத்தியது. அம்மா தம்பியை மாமா கையில் கொடுத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நானும் அழுதேன், இனிமேல் விளையாட மாமா வரமாட்டாரே என்று.

மறுநாள் அவர் பேட்டரியை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சாயங்காலம் பன் பட்டர் ஜாமோடு வந்தார். ஒருவழியாகக் கடையைத் திறந்துவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டே தின்றேன்.