அந்த நடிகர் வூடு மாதிரியே ஒண்ணு

வீட்டு பிளான் போடுகிற தொழிலில் கரிசல் மண்ணுக்குப் பயப்பட வேண்டாம், கம்பி விலைக்கும் பயப்பட வேண்டாம்; வாடிக்கையாளர் சட்டைப் பையிலிருந்து எடுக்கிற செல்போனுக்குத்தான் பயப்பட வேண்டும்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஹார்டுவேர் கடை மாடியில் ஆபீஸ் வைத்திருக்கும் சிவில் இன்ஜினியர் நான். நான் கட்டிய வீடு எதிலும் இதுவரை ஒரு விரிசல் கிடையாது. இந்த மண்ணில் வீடு கட்டிப் பார்த்தவர்களைக் கேளுங்கள், அது எவ்வளவு பெரிய பேச்சு என்று சொல்வார்கள். முன்பெல்லாம் வருகிறவர்கள் "மூணு ரூம், ஒரு ஹால், மழை ஒழுவக் கூடாது" என்பதோடு முடித்துக்கொள்வார்கள். இப்போது நடிகரோ நடிகையோ கிரிக்கெட் வீரரோ தன் மாளிகையைச் சுற்றிக்காட்டுகிற வீடியோவை என் மூக்குக்கு நேராக நீட்டி, "இதே மாதிரி ஒண்ணு" என்கிறார்கள். வீடு கட்டியவர்களே, கட்டிக்கொண்டிருப்பவர்களே, என்னைப் போல அடுத்தவருக்குக் கட்டிக்கொடுத்துத் தலைமுடியை இழந்தவர்களே, நீங்கள் எல்லாரும் என் கட்சிதான் என்று நம்பி எழுதுகிறேன்.

மாடியில் ஒரு குளம்

வேப்பந்தட்டைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போடுகிறவர். போனைத் திறந்தார். ஒரு கிரிக்கெட் வீரரின் வீடு. மொட்டை மாடியில் நீச்சல் குளம், அதற்கு அப்பால் கடல். குளம் எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. "கடல் வேணாங்க, குளம் மட்டும் போதும்" என்றார் பெருந்தன்மையாக.

மாடி தாங்குமா என்று கவலைப்படவேண்டாம், அதைத் தாங்கவைக்க நான் இருக்கிறேன் என்றேன். ஆனால் அவர் ஊரில் சித்திரை வந்தால் குடிக்கிற தண்ணீரே டேங்கர் லாரியில் வருவது எனக்குத் தெரியும். "ஐயா, மொதல்ல வீட்டுல யாருக்காவது நீச்சல் தெரியுமா?" என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னம்மா அப்படிக் கேட்டுப்புட்டீங்க? கெணத்துல தண்ணி கெடந்தப்ப நாங்க எல்லாரும் நீந்துனவங்கதான். இப்பக் கெணறு வறண்டுபோச்சு, அதான் மாடியில ஒண்ணு கேக்குறேன்."

வீடியோவில் வருகிறவரே வந்தார்

இப்படி வீடியோவோடு வருகிறவர்களுக்கு நடுவே, வீடியோவில் வருகிற ஒருவரே ஒருநாள் என் மாடிப்படி ஏறி வந்தார். டி.வி.யில் காமெடி செய்து சினிமாவுக்குப் போனவர். பெயரைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வந்துவிடும், அப்புறம் நான் சொல்வது காதில் விழாது. நடிகர் என்றே சொல்கிறேன். எறையூர் சர்க்கரை ஆலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா இல்லை. அம்மா அஞ்சலை, ஊரார் வயலில் கரும்பு வெட்டி மகனை ஆளாக்கியவர். சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாத குடும்பம்.

அவர் வாங்கியிருந்த மனைதான் விசேஷம். அதற்குக் கிழக்கே ஊர்த்தெரு, மேற்கே அவர் பிறந்த காலனி. விற்றவர்கள் அந்த ஊர்ப் பண்ணை வீட்டார். அவர்கள் வயலில்தான் அஞ்சலையம்மாள் வேலை பார்த்தது. கூலி வாங்கப் போனால் பண்ணை வீட்டின் தெருவாசலில் நிற்க முடியாது. சுற்றிக்கொண்டு போய்க் கொல்லைப்பக்கம்தான் நிற்க வேண்டும். காலனியிலிருந்து யார் போனாலும் அதுதான் வழக்கம். லிஃப்ட், தியேட்டர், இத்தாலி மார்பிள் எல்லாவற்றையும் நடிகர் என் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார். ஒன்றை மட்டும் மேஜையைத் தட்டிச் சொன்னார்.

"வாசலத் தெருவப் பாத்து வைங்க மேடம். எங்கம்மா அதுல நாக்காலி போட்டு ஒக்காந்துக்கிட்டு, தெருவுல போறவங்கள 'உள்ள வாங்க'ன்னு கூப்பிடணும்."

வெள்ளை வீடு, கண்ணாடிச் சுவர்

அதே சமயத்தில் அரியலூரில் ஒரு வேலை. கணவன், மனைவி இருவரும் பள்ளிக்கூட ஆசிரியர்கள். அந்த அம்மாவின் போனில் ஒரு நடிகையின் வீடு இருந்தது. சுவர் வெள்ளை, தரை வெள்ளை, சோபா வெள்ளை, நாய்க்குட்டிகூட வெள்ளை. ஹாலின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. அரியலூரில் வெள்ளை வேண்டுமென்றால் பெயின்ட் அடிக்கவே வேண்டாம், சுண்ணாம்புக்கல் லாரி போகிற ரோட்டில் சும்மா நின்றாலே போதும் என்று எத்தனையோ முறை சொன்னேன். கேட்கவில்லை. நான் அலுத்துக்கொண்டாலும் வேலையில் குறை வைக்கிறவள் இல்லை. நடிகையே வந்தாலும் தன் வீடு என்று செருப்பைக் கழற்றிவிடுகிற மாதிரி செய்துகொடுத்தேன்.

குடிபோன கொஞ்ச நாளில் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் கனமான பழுப்புத் திரை. அதற்கு முன்னால் அந்த அம்மா தண்ணீர்க் குழாயோடு நின்று கண்ணாடியைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு லாரி போனது. கழுவிய இடத்திலேயே மறுபடி கழுவினார். என்னைப் பார்த்ததும் குழாயைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டார்.

"ஏன் மேடம், அந்த நடிகை வூட்டு வழியா லாரியே போவாதா?"

அஞ்சலையம்மாள் சைட்டுக்கு வந்தார்

நடிகர் வீட்டில் சுவர் இடுப்பளவு எழும்பியபோது அவர் அம்மா பார்க்க வந்தார். நான் உற்சாகமாகச் சுற்றிக்காட்டினேன். கிழக்கே தெருவைப் பார்த்துப் பெரிய நிலை வரும் இடம், ஹால், லிஃப்ட் எல்லாம் காட்டினேன். எல்லாவற்றுக்கும் "ம்" போட்டுக்கொண்டே வந்தவர் மேற்குக் கோடியில் நின்றுவிட்டார். "இங்க என்னம்மா வருது?" என்றார்.

துணி துவைக்கிற இடம், ஜெனரேட்டர், செப்டிக் டேங்க், வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு சின்னக் கதவு என்றேன். சென்னையில் பெரிய ஆட்கள் வீட்டிலெல்லாம் இப்படித்தான் என்று வேறு சேர்த்துக்கொண்டேன். அவர் காலனிப் பக்கம் கையைக் காட்டி, "எங்க ஆளுவ எல்லாம் அங்கேர்ந்து வந்தா இந்தப் பக்கமாத்தான வருவாங்க?" என்றார். நான் ஜெயங்கொண்டம் பக்கத்து விவசாயக் குடும்பம். எங்கள் வீட்டுக் கொல்லையில் யார் வந்து நின்றார்கள் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கையிலிருந்த பிளானை மறுபடி விரித்துப் பார்த்தேன். தெருவுக்கு முகம் காட்டினால் காலனிக்கு முதுகு காட்டுகிற வீடாக அது எழும்பிக்கொண்டிருந்தது. மகன் ஆசையாகக் கேட்டது, நான் அழகாகப் போட்டுக்கொடுத்தது. அஞ்சலையம்மாள் சத்தம் போடவில்லை. புடவையில் ஒட்டிய சிமென்டைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

"அவன்கிட்ட சொல்லிடு தாயி. எங்க சனம் கொல்லப்பக்கமா வந்து நிக்கிற வூட்டுல நான் பால் காய்ச்ச மாட்டேன்."

பார்க்க ஒரு சமையலறை

அம்மாவும் மகனும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவர் சென்னையிலிருந்து "தெருவாசல் வேணும்" என்கிறார், இவர் ஊரிலிருந்து "பால் காய்ச்ச மாட்டேன்" என்கிறார். நடுவில் மேஸ்திரி எந்தச் சுவரைக் கட்டுவது என்று என் முகத்தைப் பார்க்கிறார். இந்த லட்சணத்தில் ஏலாக்குறிச்சியிலிருந்து ஒரு குடும்பம் வந்து, பிரபலங்கள் வீட்டில் இருப்பதுபோல ரெண்டு சமையலறை வேண்டும் என்றது. ஒன்று சமைக்க, ஒன்று வருகிறவர்கள் பார்க்க.

போட்டுக்கொடுத்தேன். விருந்துக்குக் கூப்பிட்டார்கள், போனேன். ரெண்டு சமையலறையும் பளபளவென்று இருந்தன. குழம்பு வாசனை மட்டும் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையிலிருந்து வந்தது. அங்கே விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வீட்டுக்கார அம்மா கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

"மொத சமையக்கட்டு பாக்கறதுக்குங்க. ரெண்டாவதும் நல்லா அமைஞ்சுபோச்சு, அதையும் அழுக்காக்க மனசு வரலைங்க."

நடிகர் பார்த்த மாளிகைகள்

நான் உட்கார்ந்து வேறு பிளான் போட்டேன். கிழக்கிலும் மேற்கிலும் ஒரே அளவில் ரெண்டு முன்வாசல். நடுவில் ரெண்டையும் சேர்க்கிற ஒரே ஹால். துணி துவைக்கிற இடமும் ஜெனரேட்டரும் தெற்குச் சந்துக்குப் போயின. செப்டிக் டேங்க் வடக்கே கார் நிற்கிற இடத்துக்கு அடியில் ஒளிந்துகொண்டது. வாஸ்துக்காரரோடு ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டு ஜெயித்தேன். என் வாழ்க்கையில் போட்ட பிளான்களிலேயே அதுதான் நல்லது, நானே சொல்லிக்கொள்கிறேன்.

சென்னைக்கு எடுத்துப் போனேன். நடிகர் பார்த்துவிட்டு மூஞ்சியைச் சுளித்தார். "எந்த ஸ்டார் வீட்டுல மேடம் ரெண்டு பக்கமும் முன்வாசல் இருக்கு? நான் எத்தனை வீட்டுக்குப் போயிருக்கேன்!" என்று, தன் ஆரம்ப காலத்தில் வீட்டு விசேஷங்களில் காமெடி செய்யப் போன மாளிகைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். எனக்கும் கோபம் வந்துவிட்டது. "அந்த வீடுகளுக்கெல்லாம் எந்த வாசல் வழியா போனீங்க?" என்று கேட்டேன். கேட்டபிறகுதான், வேலை போய்விட்டது என்று நினைத்தேன். அவர் பிளானைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். பிறகு என் பேனாவை வாங்கி, மேற்கு வாசலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "வைங்க" என்றார். பிளானைச் சுருட்டிக் கையில் கொடுக்கும்போது சிரித்தார். அந்தச் சிரிப்பைத் திரையில் நான் பார்த்ததில்லை.

"அந்த வூட்டு ஹாலெல்லாம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது மேடம். சமையக்கட்டு எங்க இருக்குன்னு கேளுங்க, ஒவ்வொண்ணா சொல்றேன்."

பால் காய்ச்சிய அன்று

ரெண்டு வாசலுக்கும் ஒரே தேக்கு, ஒரே படி, ரெண்டு பக்கமும் வாழைமரம். முதலில் பசுவை எந்த வாசலில் ஏற்றுவது என்று ஐயர் குழம்பிப்போனார். பசு குழம்பவில்லை. அது மேற்கே ஏறி, இத்தாலி மார்பிளில் தாராளமாகச் சாணி போட்டு, கிழக்கே இறங்கிப் போனது. அமோகம் என்றார்கள். காலனிச் சனம் மேற்கு வாசலை நிறைத்துக்கொண்டு வந்தது. தெருவிலிருந்து பாதிப் பேர் கிழக்கே வந்தார்கள், மீதிப் பேர் வேலை இருப்பதாகச் சொல்லியனுப்பினார்கள். அஞ்சலையம்மாள் பால் காய்ச்சினார். மகன் ஆசைப்பட்டபடி கிழக்கு வாசலில் போட்டிருந்த நாற்காலியில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து காட்டினார். மகன் அழுதார், அம்மா அதட்டினார்.

சாப்பாட்டு நேரத்தில் பண்ணை வீட்டுக்காரர் வந்தார். மனையை விற்றவர் அவர்தான். தெருவைப் பந்தலும், நடிகரைப் பார்க்க வந்தவர்களின் பைக்குகளும் அடைத்துக்கொண்டதால் அவருடைய கார் காலனி வழியாகச் சுற்றி வந்து மேற்கு வாசலில் நின்றது. இறங்கியவர் படியில் கால் வைக்கவில்லை. "என்ன அஞ்சல, டிரைவர் கொல்லப்பக்கமா கொண்டாந்து நிறுத்திட்டான். இரு, நான் சுத்திக்கிட்டு முன்பக்கமா வரேன்" என்றார். உள்ளே நின்ற சனம் வாசல் பக்கம் திரும்பியது. நடிகர் பதறிக்கொண்டு முன்னால் போனார். அதற்குள் அவர் அம்மா படியில் இறங்கிவிட்டார். குரலில் கோபமும் இல்லை, பணிவும் இல்லை. விருந்துக்கு வந்தவரைக் கூப்பிடுகிற குரல்தான்.

"இந்த வூட்டுக்குக் கொல்லையே கெடையாதுங்க. எங்க சனம் வர்ற வாசல் இது, நீங்களும் இப்படியே வாங்க."

பண்ணை வீட்டுக்காரர் தன் காரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் படியிலேயே ஏறி வந்து பந்தியில் உட்கார்ந்தார். நான் என் இலையிலிருந்த பாயசத்தை மறந்துவிட்டு அந்தப் படியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இத்தனை வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், ஒரு வீட்டுக்கு ரெண்டு முன்வாசல் வைப்பது ரொம்பச் சுலபம், செப்டிக் டேங்குக்குத்தான் லேசில் இடம் கிடைக்காது.