பேட்ரிசியாவின் சப்பாத்துக் கயிறு

பேட்ரிசியா மறுபடியும் குனிந்துவிட்டார். வலது கால் சப்பாத்துக் கயிறு. "போங்க, போங்க, வந்துர்றேன்" என்று கையை ஆட்டுகிறார். கடைசி ஆளை விட்டுவிட்டு யாரும் போவதில்லை. எங்கள் குளுவாங் ஊரின் லம்பாக் மலைப் பாதை அந்த இடத்தில் ஒற்றையடியாகக் குறுகுகிறது. முன்னால் போய்க்கொண்டிருந்த செல்லம் டீச்சர் ஒரு மரத்தில் சாய்ந்து, வாயைத் திறந்து காற்றை விழுங்குகிறார். "அலமாக், இந்தக் கயிறு என் உயிர வாங்குது லா!" என்று திட்டிக்கொண்டே பேட்ரிசியா நிதானமாக முடிச்சுப் போடுகிறார். டீச்சரின் மூச்சு சீரானதும் முடிச்சும் இறுகிவிடுகிறது.

இந்த மலையேறும் குழுவில் நான் ஆசைப்பட்டுச் சேரவில்லை, டாக்டர் மிரட்டிச் சேர்ந்தேன். என் உடம்புக்கு வரிசையின் கடைசிதான் கிடைக்கும். எனக்கும் பின்னால், யாரும் விடுபடாமல் பார்த்துக்கொண்டு வருவது பேட்ரிசியாவின் வேலை. ஒருநாள் திரும்பிப் பார்த்தபோது, நன்றாக இறுகியிருந்த முடிச்சை அவர் அவிழ்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது. கீழே இறங்கி, கடையில் நுரைக்க ஆற்றிய தேத்தாரேக் தேநீர் குடிக்கும்போது கேட்டேவிட்டேன்.

"மெதுவா பேசுங்கண்ணே" என்று பேட்ரிசியா அக்கம்பக்கம் பார்த்தார். "மூச்சு வாங்குதா, உக்காருங்கன்னு சொன்னா யாரு உக்காருவா? வெக்கப்படுவாங்க. அடுத்த ஞாயித்துக்கெழம வீட்டுல வேலை இருக்கும்பாங்க. எனக்குக் கயிறு அவுந்துருச்சின்னா யாருக்கு என்னா நஷ்டம்?"

எனக்காக அது எத்தனை தடவை அவிழ்ந்திருக்கும் என்று யோசித்தேன். ரோஷம் வந்தது. கூடவே அந்தப் பெண்மணிமேல் பாசமும் வந்தது, மறைப்பானேன்.

வார நாட்களில் அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். குளுவாங்கில் பாதிப் பேருக்கு லைசன் வாங்கிக் கொடுத்தவர் தாம்தான் என்பார். அந்தப் பாதியில் எத்தனை பேர் ஒழுங்காக ஓட்டுகிறார்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். இடது பக்க இருக்கையில் உட்கார்ந்து, காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின்மேல் பாதத்தை வைத்தும் வைக்காமலும் காத்திருப்பதே அவருடைய பிழைப்பு. "ரிலேக்ஸ் லா ஆன்ட்டி, லோரி நம்மள ஒண்ணும் பண்ணாது. அவனுக்கும் வீடு வாசல் இருக்கு." அந்தப் பழக்கம் அவரை விடுவதில்லை. யார் காரில் ஏறினாலும் வலது கால் தரையை அழுத்தும். ஞாயிறு மாலைப் பூசையில் பிரசங்கம் நீண்டாலும் அழுத்துமாம்.

இப்படிப்பட்டவர் எங்கள் தலைவரானது அவரே எதிர்பாராத சங்கதி.

குழுவைத் தொடங்கியவர் தம்பிராஜா. எங்களுக்கெல்லாம் அங்கிள். நில அளவை இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்திலேயே இலங்கையிலிருந்து வந்துவிட்ட குடும்பம் என்றாலும் அவர் பேச்சில் இன்னும் யாழ்ப்பாணம் இருக்கிறது. கழுத்தில் விசில், காலில் ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டுக்காரர்கள் போடுகிற கறுப்பு ரப்பர் சப்பாத்து. அடியில் முள்முள்ளாக இருக்கும், சேற்றில் வழுக்காது, ஒரே வார்ப்பு, கயிறு என்பதே கிடையாது. முன்னால் விறுவிறுவென்று போவார். "நடுவில ஒருத்தரும் நிக்கப்படாது!" என்பது சட்டம். பேட்ரிசியா குனிந்தால் மேலேயிருந்து குரல் வரும். "என்ன பிள்ளை, திரும்பவும் கயிறோ? நானும் எத்தினை தரம் சொல்லிப்போட்டன், இந்த ரப்பர் சப்பாத்தை வாங்கிப் போடு எண்டு!"

"அத வாங்கிட்டா நான் எதச் சாக்கு வச்சுக் குனியறது?" என்று பேட்ரிசியா என் காதில் முணுமுணுப்பார்.

அங்கிள் தலைமையின் கடைசி வருடத்தில் இன்னொன்றும் கவனித்தேன். செங்குத்தான ஏற்றம் நெருங்கினால் பேட்ரிசியா வேகமாக நடந்து வரிசையின் முன்னுக்குப் போய்விடுவார். கயிறு அங்கேதான் அவிழும். "திரும்பவும் கயிறோ?" என்று அங்கிள் ஊருக்கே கேட்கிற மாதிரி அதட்டுவார். அதட்டும்போது அவர் கை முழங்காலைப் பிடித்திருக்கும்.

ஆண்டுக் கூட்டத்தில் யாரோ விளையாட்டாக பேட்ரிசியா பெயரைச் சொன்னார்கள். வரிசையின் பின்பாதி முழுக்கக் கையைத் தூக்கிவிட்டது. நானும் தூக்கினேன். அங்கிள் திகைத்து நின்றார். "சனம் சொல்லிப்போட்டுது" என்று விசிலைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, ஊற்றிய தேநீரைக்கூடத் தொடாமல் போனார். அதன்பின் மலைப்பக்கம் வரவில்லை.

பேட்ரிசியா அந்த விசிலை ஒருமுறைகூட ஊதவில்லை. கார்க் கண்ணாடியில் ஜெபமாலையோடு சேர்த்துத் தொங்கவிட்டார். "அது அங்கிளோடது. அவரு ஆரம்பிச்ச குரூப்புல அவரு இல்லாம நான் என்னாத்துக்கு லீடர்?" என்று என்னிடம் சொன்னார். வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டும் பார்த்தார். அங்கிள், முழங்கால் வலி என்று சொல்லியிருந்தால்கூட நம்பியிருக்கலாம். தோட்டத்தில் வேலை இருக்கிறது என்றாராம். அவர் குடியிருப்பது மூன்றாவது மாடியில்.

இதற்குள் முன்வரிசைக்காரர்கள் முறுக்கிக்கொண்டார்கள். அவர்களுக்கு வாய் காளிதாஸ். கையில் பெரிய கடிகாரம், அதைப் பார்த்துத்தான் மூச்சே விடுவான். "லீடர்னா முன்னுக்கு நடக்கணும் கா. பின்னால வந்தா அதுக்குப் பேரு லீடரா? வர்ற ஞாயித்துக்கெழம நீங்க முன்னுக்கு ஏறிக் காட்டுங்க. இல்லன்னா நாங்க தனியா குரூப் தொடங்கிருவோம், அங்கிளத்தான் தலைவராப் போடுவோம்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேட்ரிசியா, "சரி தம்பி, நடக்கிறேன்" என்றார். குழு உடையக்கூடாது. அவருக்கு வேண்டியது அவ்வளவே.

அந்த ஞாயிறு அங்கிளும் வந்துவிட்டார். காளிதாஸ் அழைத்து வந்திருந்தான். அதே ரப்பர் சப்பாத்து, வெறும் கழுத்து. பேட்ரிசியாவைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு வரிசையின் நடுவே சேர்ந்துகொண்டார்.

பேட்ரிசியா முன்னால் நடந்தார். நடந்தாரா, ஓடினார். பின்னால் நடக்கும்போது முன்னால் இருக்கிறவர்களின் முதுகைப் பார்த்து வேகத்தை வைத்துக்கொள்கிறவர் அவர். இப்போது எதிரே வெறும் காடு. அடிக்கொரு தரம் திரும்பிப் பார்த்தார். பார்த்த நேரத்தை ஈடுகட்ட இன்னும் வேகம் கூட்டினார். வேர் தட்டி ஒருதரம் தடுமாறினார்.

வடம் பிடித்து ஏறவேண்டிய செங்குத்துக்கு வந்தபோது அவர் முகத்தில் இரத்தமே இல்லை. ஒவ்வொருவராகத்தான் ஏற முடியும் என்பதால் எல்லோரும் வந்து நெருக்கி நின்றோம். பேட்ரிசியா இரண்டு கையாலும் வடத்தைப் பிடித்தார். தோள் ஏறி ஏறி இறங்கியது. கொஞ்சம் நில்லுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், காளிதாஸுக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

காளிதாஸ் கடிகாரத்தைப் பார்த்தான். "என்னா கா, இன்னிக்குக் கயிறு அவுறலியா?"

முன்வரிசையில் சிரிப்பு எழுந்தது. அடப்பாவி! இனி அவர் குனியவும் முடியாது. பேட்ரிசியா வடத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தார். ஒரு காலைத் தூக்கிப் பாறையில் வைத்தார். அது சறுக்கியது. மறுபடியும் தூக்கி வைத்தார். விழப்போகிறார் என்றே நினைத்தேன்.

"நில்லுங்கோ எல்லாரும்!"

விசில் இல்லாமலேயே அந்தக் குரலுக்குக் காடு அடங்கியது. "இறங்கி நில் பிள்ளை. என்ர சப்பாத்துக் கயிறு கழண்டுபோச்சு."

தம்பிராஜா அங்கிள் பக்கத்து மரத்தைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, அந்த வலிக்கிற முழங்காலை மெல்ல மடக்கிச் சேற்றில் உட்கார்ந்தார். பேட்ரிசியா வடத்தை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் பார்த்தோம். காளிதாஸின் கடிகாரக் கை கீழே இறங்கியது.

வழுவழுவென்றிருந்த அந்தக் கறுப்பு ரப்பரின்மேல் அங்கிளின் விரல்கள் எதையோ அவிழ்த்தன, இழுத்தன, சுற்றின, இறுக்கின. பேட்ரிசியா பாறையில் சாய்ந்து மூச்சை வாங்கிக்கொண்டிருந்தார். அங்கிள் ஒரு தடவை அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு, அவசரமே இல்லாமல், மற்றக் கால் சப்பாத்துக்கு மாறினார்.