புழு துளைத்த முதல் தாள்

தியாகராய நகரில் ஒரு வீட்டின் கூடத்துச் சுவர் முழுவதும் புத்தகங்களின் தலைகளை மாட்டி வைத்திருந்தார்கள். தலை என்று நான் சொல்வது முதல் தாளை. நூலின் பெயர், எழுதியவர், அச்சுக்கூடம், வருஷம் எல்லாம் இருக்கிற தாள். வேட்டைக்குப் போன ஜமீன்தார் மான் தலையை மாட்டி வைப்பதுபோல ஒவ்வொன்றும் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. உடல் என்னவாயிற்று என்று மான் தலையைப் பார்த்து யாரும் கேட்பதில்லை. நான் கேட்டேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது.

"உள்ள இருக்கறதையெல்லாம் யார் சார் படிக்கப்போறா?" என்றார் வீட்டுக்காரர். "முதல் தாள்தான் அழகு. மிச்சமெல்லாம் எடை."

வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கையெழுத்துப் போட்ட பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கடன் கொடுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். ஆரம்பகால அச்சுப் புத்தகங்களின் முதல் தாள்களைச் சேகரிக்கிறார் என்று கேள்விப்பட்டுத்தான் போயிருந்தேன். எனக்கு வேண்டியது ஒரே ஒரு தாள்.

என்னிடம் ஒரு விஷக்கடி வைத்திய நூல் இருந்தது. லஸ் பக்கம் நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவரிடம் வாங்கியது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காத காலத்து அச்சு. கட்டு தளர்ந்திருந்தாலும் எல்லாப் பக்கங்களும் இருந்தன, முதல் தாளைத் தவிர. எழுதியவர் யார், எந்த ஊரில் அச்சானது, ஒன்றும் தெரியவில்லை. பணிக்காலம் முழுவதையும் அரசாங்கப் பதிவறைகளில் கழித்தவன் நான். மேலட்டையில் பொருள் எழுதாத கோப்பை நான் மேசையில்கூட ஏற்றியதில்லை. இதை வாங்கிவிட்டேன். குறையைக் கடைக்காரரிடம் சொன்னபோது அவர் சிரித்தார்.

"மொத பக்கம் இல்லாங்காட்டி இன்னா சார்? உள்ள தேளு, பாம்பு, பூரான் அல்லாம் கரீட்டா கீதுல்ல. கட்ச்சா அட்டையவா தேய்க்கப்போற?"

அந்தத் தாளை அவரே கிழித்து வேறொருவருக்கு விற்றிருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மேலாளர் வீட்டுச் சுவரில், நாற்காலிக்குப் பின்னால், விஷக்கடி என்ற சொல் கண்ணில் பட்டது. அதே நூலின் இன்னொரு பிரதியிலிருந்து வந்ததாக இருக்கலாம். ஆனால் தாளின் கீழ் மூலையில் அவரைக்கொட்டை வடிவில் ஒரு புழுத்துளை இருந்தது. என் புத்தகத்திலும் அங்கேதான் துளை. வீட்டுக்கு வந்து, பட்டர் பேப்பரில் அதன் உருவத்தை எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு மறுபடியும் போனேன். சட்டத்திலிருந்து தாளை எடுக்கச் சொல்லி அதன்மேல் வைத்தேன். இம்மியும் பிசகவில்லை. என் புத்தகத்தின் தலைதான்; லஸ் நடைபாதைக்காரரிடம் வாங்கியதாக மேலாளரும் சொன்னார். அந்தத் துளை கடைசிப் பக்கம் வரை போகிறது. முதல் தாளோடு நிறுத்திக்கொள்ள ஒரு புழுவுக்குக்கூடத் தோன்றவில்லை.

அவருக்கு மாற்றாகக் கொடுக்க நான் ஒரு தாள் கொண்டுபோயிருந்தேன். வேறொரு புத்தகத்தில் யாரோ அடையாளத்துக்குச் செருகி விட்டுப்போன அநாதைத் தாள். அதன் சொந்தப் புத்தகம் எதுவென்று எவ்வளவோ தேடியும் கிடைக்கவில்லை.

"அடடா, சுத்திப் பூக்கரை போட்டிருக்கே!" என்று மேலாளர் வாங்கிக்கொண்டார். அதில் என்ன அச்சாகியிருக்கிறது என்று பார்க்கவில்லை. "நீங்க கேக்கறது வெறும் எழுத்து சார். தாராளமா எடுத்துக்கோங்கோ. ஆனா நவராத்திரி வரதே, இந்தத் தடவை பூஜையில வெச்சுட்டு விஜயதசமியன்னிக்குக் கையில தரேன்."

 சரஸ்வதி பூஜையன்று புத்தகத்துக்குச் சந்தனம் குங்குமம் இடாத வீடு மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் கிடையாது. எத்தனை நல்ல புத்தகங்களின் நெற்றியில் அந்தச் செம்மஞ்சள் கறையைப் பார்த்திருக்கிறேன்! எனவே விதிகளைச் சொன்னேன். தாளில் நேராகச் சந்தனம் குங்குமம் படக்கூடாது. எண்ணெய்க் கை படக்கூடாது. ஈரக்காற்றும் பூச்சியும் அண்டக்கூடாது. அமிலம் இல்லாத காகிதத்தில் சுற்றி, மூடிய பெட்டியில் வைத்து, பெட்டியின் மேல் பொட்டு வைத்துக்கொள்ளலாம். அதில் கலைவாணிக்கு ஆட்சேபம் இருக்காது. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டுகிறவரை நம்பக்கூடாது என்பது அலுவலகத்தில் முதல் வாரமே தெரிந்துவிடும்.

விஜயதசமியன்று காலையில் போனேன். சுண்டல் வந்தது. பிறகு தாள் வந்தது, ஒரு தட்டில், வெற்றிலை பாக்கோடு. பளபளவென்றிருந்தது.

"லேமினேட் பண்ணிட்டேன்!" என்றார். "பாண்டி பஜார்ல. ரேஷன் கார்டு பண்றானே, அவன்தான். ரெண்டு பக்கமும்!"

திருப்பிப் பார்த்தேன்; மறுபக்கமும் பளபளத்தது.

"நீங்கதானே சார் சொன்னேள்? காத்து படக்கூடாது, கை படக்கூடாது, பூச்சி வரக்கூடாதுன்னு. அத்தனையும் ஒரே அடியில முடிஞ்சுது. பொட்டுகூட மேலதான் வெச்சேன். பாருங்கோ." கட்டைவிரலால் பிளாஸ்டிக்கின் மேலிருந்த குங்குமத்தைத் துடைத்தார். "சுத்தமாப் போயிடறது!"

சொன்னது நான்தான். பெட்டியைப் பற்றிச் சொன்னேன். அதை அவருக்கு விளக்க முயலவில்லை. விளக்கியிருந்தால் இன்னொரு தட்டு சுண்டல் வந்திருக்கும், அவ்வளவுதான். நான் கொடுத்த பூக்கரைத் தாளும் சுவரில் பளபளத்துக்கொண்டிருந்தது.

வீட்டில் தாளைப் புத்தகத்தோடு சேர்த்துப் பார்த்தேன். துளை துளையோடு பொருந்தியது. ஆனால் அதன் வாயைப் பிளாஸ்டிக் இருபுறமும் அடைத்திருந்தது. நான்கு பக்கமும் ஓரம் வெளியே துருத்தியது.

"ஓரத்தைக் கத்தரிச்சுட்டா சரியாப் போயிடுமேன்னா," என்றாள் மனைவி.

"கத்தரிக்கோலை உள்ளே வை" என்றேன்.

அடையாறில், பழைய தாள்களைச் செப்பனிடும் பெண்மணி ஒருவர் இருந்தார். அவரிடம் எடுத்துப்போனேன். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சூடு போட்டு ஒட்டியிருக்காங்க சார். பிரிச்சுப் பாக்கலாம். மை தாளோட நிக்குமா, பிளாஸ்டிக்கோட போயிடுமான்னு என்னால சொல்ல முடியாது. உங்களுக்கு இதைத் தைக்கணுமா, படிக்கணுமா?"

தைக்க வேண்டும் என்றுதான் இத்தனை ஞாயிறும் அலைந்தேன். தளர்ந்த கட்டைப் பிரித்து, முதல் தாளை அதன் இடத்தில் வைத்து, நூல் கோத்துக் கட்டுவதை மனத்தில் பல தடவை செய்து முடித்திருந்தேன். பிரிக்கச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் எழுத்து போய்விட்டால் புத்தகத்தில் நான் தைத்து வைப்பது ஒரு வெற்றுத் தாளை. அதைச் செய்ய மேலாளரே போதும்.

"படிக்கணும்" என்றேன்.

"அப்ப தொடாதீங்க."

பேருந்தில் வரும்போதுதான் அதை முதல் தடவையாக முழுக்கப் படித்தேன். அதுவரை துளையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எழுதியவர் செங்கல்பட்டுப் பக்கத்து வைத்தியர். கடைசி வரியில், இந்நூலைக் கற்றவர் கடிபட்டவன் வீட்டில் கூலி வாங்கலாகாது என்று ஒரு கட்டளை. மேலாளரின் சுவரில் அத்தனை நாள் அது மாட்டியிருந்தது. கேட்டால், வெறும் எழுத்து என்பார்.

அந்த வாரம் அவர் தொலைபேசியில் கூப்பிட்டார். சுவரிலிருந்த எல்லாவற்றையும் அதே ஆளிடம் கொடுத்துவிட்டாராம். "வந்து பாருங்கோ சார், கண்ணாடியே தேவையில்லை!"

புத்தகத்துக்காக ஏற்கெனவே செய்து வைத்திருந்த பெட்டி அளவு பத்தவில்லை. துருத்திக்கொண்டிருக்கும் ஓரத்துக்காக ஒரு விரல் அகலம் கூட்டி வேறு பெட்டி செய்தேன். இரண்டும் அதற்குள்தான் இருக்கின்றன, தைக்கப்படாமல், ஒன்றின்மேல் ஒன்றாக.